ஈய முத்திரை போட்ட கார்

ஒரு குடிமகன் தன் சொந்தக் காரை இரண்டு அங்குலம் தாழ்த்திக்கொள்வதால் அரசாங்கத்துக்குக் குடி முழுகிப் போகாது என்றுதான் கோத்தகிரிப் பக்கம் நரிமுக்கில் குடியிருந்த தினகரன் நம்பியிருந்தான். அரசாங்கமும் அப்படித்தான் நம்பியிருந்தது. இரண்டு தரப்பு நம்பிக்கையும் ஒரே வேகத்தடையில் முட்டி நின்ற வரலாறு இது.

தினகரனுக்குக் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் வேலை. ஃபாக்டரி ஃபாக்டரியாகப் போய் ஏலத்துக்கு வரும் தூளின் மாதிரிப் பொட்டலங்களை வாங்கி வருவது அவன் உத்தியோகம். கார் இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. அவனிடம் இருந்தது முன்பு ஒரு பல் டாக்டர் வைத்திருந்த வெள்ளைக் கார். எஞ்சினில் குறை இல்லை, பிரேக்கில் குறை இல்லை. குறையெல்லாம் சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்து நிற்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான். ஐந்து வருஷம் அவன் அதைக் கவனித்ததே கிடையாது. கோயமுத்தூர்ப் பையன் ஒருவன் தன் காரைத் தரையோடு தரையாகப் பதித்து நிறுத்தியிருந்த படத்தைக் கைபேசியில் பார்த்த அன்றிலிருந்து, அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"எத்தனை விரல் போகுதுங்கண்ணா?" என்று கேட்டான் குன்னூர் மெக்கானிக் டெனின்.

"நாலு விரல் போகுது. உள்ளங்கையும் சேந்து போகுது."

டெனின் துக்கம் விசாரிக்க வந்தவனைப் போலத் தலையை ஆட்டினான். "இப்பெல்லாம் ரெண்டு விரல்தானுங்கண்ணா. அதுக்கு மேல போனா அது கார் இல்லீங்க, ஆம்புலன்சு."

"நம்மூரு ரோட்டுக்கு ஒத்து வருமா?"

"ரோட்டப் பாத்துட்டிருந்தா ஸ்டைல் பண்ண முடியுங்களா?"

"சட்டம் கிட்டம்..."

"கேக்கறவங்க கேட்டாத்தானுங்கண்ணா சட்டம்."

இந்த அளவுக்கு விளக்கமாகச் சட்ட ஆலோசனை கிடைத்த பிறகு தயங்குவது மரியாதையல்ல. ஒரு சனிக்கிழமை டெனினுடைய தகரக் கொட்டகையில் காரைத் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றி, பழைய ஸ்பிரிங்குகளைத் திருகுக் கவ்வியால் இறுக்கி உருவினார்கள். கோயமுத்தூரிலிருந்து பெட்டியில் வந்த சிவப்பு ஸ்பிரிங்குகள் குட்டையாக, விறைப்பாக இருந்தன. அதிர்வு தாங்கும் ரப்பரைப் பாதியாக அறுத்தான் டெனின். பழைய ஸ்பிரிங் நாலையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் எறிந்தான். கார் தரையில் இறங்கியதும் தினகரன் இடைவெளியில் விரல் விட்டுப் பார்த்தான். இரண்டு. அவன் கண் கலங்கியது என்று டெனின் பின்னால் சொன்னான், தினகரன் மறுத்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் கோத்தகிரி ரோட்டு வளைவுகளில் அந்தக் கார் ஒரு பக்கமும் சாயாமல், தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. தினகரன் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினான். அப்படியொரு சந்தோஷம் பல பேருக்குக் கல்யாணத்தில்கூடக் கிடைப்பதில்லை. அது நாலு நாள் நீடித்தது.

வீட்டு வாசலில் அவன் மனைவி சுகந்தி நின்றிருந்தாள். தையற்காரி. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். டேப்பை எடுத்துக் குனியாமல் கீழே விட்டு, காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே பிடித்துப் பார்த்தாள்.

"நாலரை அங்குலம்."

"முன்னாடி ஆறரை," என்றான் தினகரன் பெருமையாக.

"நான் துணியை ஆல்டர் பண்ணினா உள்ள மடிச்சு விட்டுருப்பேன். நாளைக்கு வேணுமின்னா பிரிச்சுக்கலாம். நீங்க மடிச்சு விட்டுருக்கறீங்களா?"

"பழைய ஸ்பிரிங் டெனின் பரண்ல இருக்குது."

"பத்திரமா வெக்கச் சொல்லுங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாம் நாளிலிருந்து வாழ்க்கை தொடங்கியது. நரிமுக்கிலிருந்து குன்னூர் போகும் கிளைச்சாலையில் இருபத்து மூன்று வேகத்தடை. ஒவ்வொன்றிலும் தினகரன் காரை நிறுத்தி, குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம், பிறகு இன்னொரு சக்கரம் என்று நண்டு மாதிரி ஏறி இறங்க வேண்டியிருந்தது. பின்னால் வரும் மினிபஸ் ஹாரன் அடித்தே தன் பேட்டரியைத் தீர்த்தது. நேராக ஏறினால் அடிவயிறு தேய்த்து ஒரு சத்தம் வரும். டீக்கடை இசக்கி உள்ளே பாலைக் காய்ச்சிக்கொண்டே, "தினகரன் வந்தாச்சு," என்பார். வளைவில் பாரத்தோடு திருப்பினால் டயர் தகட்டில் உரசும். பள்ளத்தில் விழுந்தால் முதுகுத்தண்டு அதைத் தனியாக நினைவு வைத்துக்கொள்ளும்.

ஆள் ஏறினால் கார் இன்னும் இறங்கும் என்பதால், மேடு வரும்போதெல்லாம் சுகந்தி இறங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்து, மறுபடி ஏறிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போன அன்று பதினெட்டாவது மேட்டில் இறங்கியவள் திரும்ப ஏறவில்லை.

"ஏனுங்க, நீங்க ஸ்டைலா வாங்க. நான் மினிபஸ்ல வாரேன்."

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து காரமடையில் அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது, வளையல் கையைக் கார் கதவில் ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "பழைய ஸ்பிரிங்கப் போட்டு, டேப்பு வெச்சு ஆறரை காட்டினாத்தான் நான் கொழந்தையோட மலையேறுவேன். இல்லாட்டி நீங்களும் உங்க ரெண்டு விரலும் இங்கயே இருங்க."

தினகரன் பயந்துபோனான். சுகந்தி கோபமாகப் பேசினால் சமாளிக்கலாம். நிதானமாகப் பேசினால் அது நடக்கும். அடுத்த திங்கட்கிழமையே பழைய ஸ்பிரிங் மாட்டச் சொல்லி டெனின் கொட்டகைக்குக் காரை விட்டான். கொட்டகைக்கு அரை கிலோமீட்டர் முன்னால், அதற்கு முந்தின நாள் வரை இல்லாத ஒரு புது மேட்டில், முன்சக்கரம் அந்தப் பக்கமும் பின்சக்கரம் இந்தப் பக்கமுமாக, அடிவயிறு பொருந்தி, கார் உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்த இடம் மலைக் கிளைச்சாலை மேடுபள்ள ஆய்வு உபபிரிவு அலுவலகத்தின் வாசல்.

அந்த உபபிரிவின் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். மேடுகளும் பள்ளங்களும் விதிப்படி இருக்கின்றனவா என்று அளப்பது அதன் கடமை. அளப்பதற்கு ஒரு லெவல் கருவி உண்டு. அது பழுதாகிச் சென்னைக்குப் போய் நாலு வருஷம். கருவி வராததால் அளக்க முடியாது. அளக்காமல் எதையும் குறை சொல்ல முடியாது. ஆகவே நாலு வருஷமாகக் குறையே இல்லாத உபபிரிவு என்று அதற்கு நற்பெயர். இப்போது மட்டும் தணிக்கையிலிருந்து 'எதை வைத்து அளந்தீர்கள்?' என்று கேட்டு ஒரு கடிதம் வந்து, உதவிப் பொறியாளர் நல்லசாமிக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

வாசலில் கூட்டம் கண்டு நல்லசாமி டீ கிளாசோடு வெளியே வந்தார். கனத்த உடம்பு, மஃப்ளர், நல்ல மனிதர்.

"என்ன தம்பி, நடுரோட்டுல நிப்பாட்டிட்டீங்க?"

"நான் நிப்பாட்டலீங்க சார். உங்க மேடு நிப்பாட்டிருச்சு."

"மேடு எப்படி நிப்பாட்டும்? விதிப்படி நாலு அங்குலந்தானே."

"விதி நாலுங்க சார். மேடு அஞ்சு இருக்குமாட்ட இருக்குது. என் வண்டி அடிவயிறு நாலரை. அதான் மாட்டிக்கிச்சு."

நல்லசாமி கையிலிருந்த டீ ஆறியது. காரைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். நாலு அங்குல மேடாக இருந்தால் கார் போகும், கூடினால் நிற்கும். அவர் முகத்தில் மூன்று நாள் கழித்து வெளிச்சம் வந்தது.

"பாலாமணி மேடம்! சீக்கிரம் வாங்க! நாலு வருஷமா நாம தேடின கருவி ரோட்டு மேல நிக்குது!"

கண்காணிப்பாளர் பாலாமணி ஃபைலோடுதான் வந்தார். அவர் எங்கேயும் ஃபைல் இல்லாமல் வந்ததில்லை.

"சார்," என்றான் தினகரன், "மேட்டோட உசரம் தெரியோணும்னா ஒரு டேப்பு வெச்சு அளந்தாப் போதுமுங்களே. என் சம்சாரங்கிட்டயே இருக்குது."

பாலாமணி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "டேப்பு தையல் சாமானுங்க. விதியில 'லெவல் கருவி, அல்லது அதற்கு இணையான, ஊர்தி சார்ந்த உபகரணம்'னுதான் இருக்குது. டேப்பு ஊர்தி இல்லீங்களே."

சொல்லிவிட்டு ஃபைலில் ஒரு படிவம் தேடினார்.

காரை மேட்டிலிருந்து தூக்கிவிட நாலு ஆள் தயாராக இருந்தார்கள். ஆனால் அதற்கு முன் 'அரசு மேட்டின் மீதமர்ந்த தனியார் ஊர்தியை அகற்றக் கோரும் படிவம்' பூர்த்தி செய்யப்பட வேண்டும். பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கையில் ஒரு மனிதன் படிவத்தின் மறுபக்கத்தைப் படிக்க மாட்டான் என்பது அந்தப் படிவத்தை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. தினகரன் கையெழுத்துப் போட்டான். கார் இறங்கியது. உடனே பாலாமணி குறடும் கம்பியும் கொண்டுவரச் சொல்லி, தேயிலை நிறுக்கும் தராசுகளுக்கு வருஷா வருஷம் குத்துவார்களே, அதே மாதிரி ஈய முத்திரையை நாலு ஸ்பிரிங்கிலும் கம்பி கட்டிக் குத்திவிட்டார்.

"என்னங்க மேடம் பண்றீங்க?"

"தர அளவுகோல் ஊர்தியா நியமிச்சிருக்கறோமுங்க. லெவல் கருவி பழுது நீங்கி வர்ற வரைக்கும் உயரத்த மாத்தக் கூடாது. மாத்தினா அரசு அளவைக் கருவியச் சேதப்படுத்தின குத்தம். பின்பக்கம் நாலாவது ஷரத்து."

"கருவி எப்ப வருமுங்க?"

"பழுது நீங்கினதும்."

"பழுது எப்ப நீங்கும்?"

"வந்தாத்தானுங்க தெரியும்."

அன்று சாயங்காலம் சுகந்தி ஃபோனில் கேட்டாள்: "மாத்தியாச்சுங்களா?"

"சுகந்தி, மாத்தத்தான் போனேன். நடுவுல அரசாங்கம் வந்திருச்சு."

அவள் ஃபோனை வைத்தாள். மறுபடி அழைத்து, வழக்கம்போலப் பட்டம்மா பட்டம்மா என்று அவளைக் கொஞ்சியிருக்கலாம்தான். ஆனால் ஈய முத்திரையைக் கொஞ்சலால் கழற்ற முடியாது என்று தினகரனுக்குத் தெரியும்.

சனிக்கிழமைதோறும் அளவீடு. முதல் சனிக்கிழமை நல்லசாமி தாமே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. ஏறியதும் கார் முக்கால் அங்குலம் இறங்கி, விதிப்படி இருந்த மேடுகூடத் தட்டியது. கான்ட்ராக்டர் ஜஸ்டஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு வாய் திறந்தார். மலையில் இருக்கும் இருநூற்றுப் பதினாலு கிளைச்சாலை மேடும் அவர் போட்டது.

"ஏ.ஈ. சார், நீங்க ஏறினா ரோடு கெட்டுப்போகுது. நீங்க எறங்கினா நல்லாயிருது. இதுல நான் பண்ணின தப்பு என்னங்க?"

நியாயமான கேள்வி. மூன்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். தர எடை: ஓட்டுநர் ஒருவர் மட்டும். பெட்ரோல் அரை டேங்க். மாதிரிப் பொட்டலங்கள் கூடாது. ஓட்டுநர் வெறும் வயிறாக இருத்தல் வேண்டும். வருஷ முடிவு வரை அவர் உடல் எடை அறுபத்து நாலு கிலோவைத் தாண்டலாகாது. நல்லசாமியும் பாலாமணியும் ஜஸ்டஸின் ஜீப்பில் பின்னால் வருவார்கள்.

ஆகவே சனிக்கிழமைகளில் தினகரன் காலையில் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் மலை முழுவதும் ஓட்டினான். மதியம் அளவீடு முடிந்து கண் இருட்டும் வேளையில் ஜஸ்டஸ் ஜீப்பிலிருந்து ஃப்ளாஸ்க் டீயும் ஒரு டப்பா வர்க்கியும் எடுப்பார். நெய் மணக்கும், தொட்டாலே உதிரும் மலை பிஸ்கட் அது; சுகந்தியிடம் ஃபோனில்கூட அதைப் புகழ்ந்தான். அதைத் தின்றுகொண்டே ஓட்டுநரும், அந்தந்த ஊர்ச் சாட்சிகளும் தடையின்மைச் சான்றில் கையெழுத்திடுவது வழக்கமாயிற்று. சில வாரங்களில் வேலை மிச்சமாகட்டும் என்று பாலாமணி வெறும் தாள்களையும் சேர்த்து நீட்டினார். வர்க்கி ஒரு கையில் இருக்கும்போது மறு கை எதைச் செய்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

இதில் கேலிக்கு இடமில்லாத ஒரு சங்கதியும் நடந்தது: முதல் இரண்டு மாதம் ரோடு நன்றாகவே ஆயிற்று. கார் தட்டின மேட்டையெல்லாம் ஜஸ்டஸ் முனகிக்கொண்டே செதுக்கினார். ஊர் ஊராக மனு வந்தது: 'எங்கள் ஊருக்கும் தினகரன் காரை அனுப்பி வைக்கவும்.' நரிமுக்கில் ஆரத்தி எடுத்தார்கள். இசக்கி, "நம்ம பையன்!" என்று மாலை போட்டார். இதே இசக்கிதான் போன மாதம் "மூளை கெட்டவன்" என்று சொன்னது. மலையில் உள்ள பையன்களெல்லாம் காரைத் தாழ்த்தினார்கள். தாழ்த்தினால் போதாது, ஸ்பிரிங்கில் ஈய முத்திரையும் தொங்க வேண்டும் என்று ஆனது. டெனின் போலி முத்திரை வார்த்து விற்றான். தினகரன் கார் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்ள வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். சுகந்தி மட்டும் வரவில்லை. காரமடையில் பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு, தனியாக மலையேறி வந்தான். இருபத்து மூன்றாவது மேட்டில் அழுதான்; இதை மறுக்கவில்லை.

ஜஸ்டஸ் கெட்டவர் அல்ல; சிந்திக்கிறவர். இருநூற்றுப் பதினாலு மேட்டைச் சரி செய்வது அதிக வேலையா, ஒரு காரைச் சரி செய்வது அதிக வேலையா என்று அவர் ஒரு வெள்ளிக்கிழமை சிந்தித்தார். அளவைக் கருவி அளவீட்டுக்கு முந்தின நாள் அரசுக் காவலில் இருக்க வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே காரை அலுவலக ஷெட்டில் விட்டுவிட்டுத் தினகரன் மினிபஸ்ஸில் போய்விடுவான்.

மறுநாள் காலை காரை எடுத்து முதல் மேட்டில் ஏறினான். தட்டவில்லை. இரண்டாவது மேட்டிலும் தட்டவில்லை. பள்ளத்தில் விழுந்தபோது முதுகு வலிக்கவில்லை. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தான். சிவப்பு ஸ்பிரிங் இல்லை. டெனின் பரணில் கிடந்த பழைய கறுப்பு ஸ்பிரிங். அதில் புத்தம்புது ஈய முத்திரை. இடைவெளியில் விரல் விட்டான். நாலும் போயிற்று, உள்ளங்கையும் போயிற்று.

பின்னால் ஜீப் வந்து நின்றது. நல்லசாமி தலையை நீட்டினார். அவர் பார்வை சக்கரத்துக்குப் போய், ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு மலைக்காட்சிக்குத் திரும்பியது.

"என்ன தம்பி, ஏதாச்சும் குறையா?"

தினகரன் யோசித்தான். குறை என்று சொன்னால் சிவப்பு ஸ்பிரிங் திரும்பி வரும். சொல்லாவிட்டால் சுகந்தி திரும்பி வருவாள்.

"ஒண்ணும் இல்லீங்க சார். ரோடு நல்லா இருக்குதுங்க."

"அதான் நானும் நினைச்சேன்," என்றார் நல்லசாமி.

அன்று நூற்றுக்கு நூறு மேடும் தேறியது. உபபிரிவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. தினகரன் ஃபோன் போட்டு, "ஆறரை! சத்தியமா ஆறரை!" என்று கத்தினான். "கொழந்தைக்கு மூணு மாசம் ஆகட்டும், வாரோம்," என்றாள் சுகந்தி. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்காக அவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பான், போட்டுக்கொண்டும் இருந்தான்.

ஏனென்றால் ஜஸ்டஸ் மறுபடி சிந்தித்திருந்தார். பழைய மேட்டின் மேல் ஒரு அடுக்கு தார் போட்டால் அது புது மேடு. புது மேட்டுக்குப் புது உத்தரவு, புது பில். கார்தான் எதையும் தாண்டுகிறதே. வாரத்துக்கு ஒரு அடுக்கு ஏறிற்று. தாழ்த்தின காரோடு பையன்கள் மேட்டுக்கு மேடு உட்கார்ந்துகொண்டார்கள். 'தேறிய சாலையில் நிற்கும் ஊர்தி பழுதுள்ளதாகக் கருதப்படும்' என்று அவர்களுக்கு நோட்டீஸ் போயிற்று. தினகரனும் மேடு வளர்வதைப் பார்த்தான். வெறும் வயிற்றோடு தனியாக ஓட்டியபோது ஒரு நூல் இடைவெளியில் கார் தாண்டிக்கொண்டே இருந்தது. பிறகு வர்க்கி வந்தது.

இதற்கிடையே ஒரு நாள் லெவல் கருவியும் பழுது நீங்கிச் சென்னையிலிருந்து வந்தது. அதை ஏற்றி வந்த ஜீப் அலுவலக வாசல் மேட்டில் ஏறிக் குதித்தது. பெட்டி பின்னாலிருந்து ரோட்டில் விழுந்தது. அன்றே அதைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தினகரன் காரமடைக்குப் போனான். சுகந்தி முதலில் டேப்பை எடுத்தாள். ஆறரை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினாள். மாமியார் வீட்டு நல்லெண்ணெய் டின், பயத்தமாவு, தேங்காய் மூட்டை, தொட்டில், தையல் மெஷின் ஒன்று, எல்லாம் ஏறின. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பெரிய ரோடு வேறு இலாகா. கார் பூப்போல வந்தது. குழந்தை தூங்கியது. தினகரன் ஒரு கையால் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டான், அவளும் விடவில்லை.

நரிமுக்குக் கிளைச்சாலையில் திரும்பிய முதல் மேட்டில், ஸ்பிரிங் மாறியதிலிருந்து கேட்காத அந்தச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. கார் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

இசக்கி கடைக்குள்ளிருந்து, "தினகரன் வந்தாச்சு," என்றார்.

குழந்தை விழித்து வீறிட்டது. சுகந்தி இறங்கினாள். ஒரு கையில் குழந்தை, மறு கையால் கழுத்திலிருந்த டேப்பை உருவி மேட்டோரமாகப் பிடித்தாள். கடையிலிருந்து ஊர் வந்து சுற்றி நின்றது.

"ஆறு அங்குலம்," என்றாள். "நாலுதான் இருக்கோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"ஆமா."

"பின்ன இதை யாரு நல்ல ரோடுன்னது?"

பதில் மேட்டின் பக்கத்திலேயே மஞ்சள் பலகையில் இருந்தது. 'இச்சாலை தர அளவுகோல் ஊர்தியால் ஆய்வு செய்யப்பட்டுத் தடையற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. சான்றளித்தவர்: திரு. தினகரன், ஊர்தி உரிமையாளர். சாட்சிகள்: திரு. இசக்கி மற்றும் நரிமுக்குப் பொதுமக்கள்.' சுகந்தி அதைச் சத்தமாகப் படித்தாள். இசக்கி பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்களுக்கும் அவரவர் வீட்டில் ஏதாவது பொங்கியிருக்க வேண்டும்.

தினகரனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் திட்டாமல் இருந்தது வேதனையாக இருந்தது. அவள் குழந்தையை அவன் தோளில் போட்டுவிட்டு, மூட்டைகளை இறக்கி, வீடுவரை நடந்தாள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக உபபிரிவுக்கு ஒரு மனு எழுதினாள்: மேடு ஆறு அங்குலம், டேப்பால் அளந்தது, குறைக்கவும்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. அந்த உபபிரிவின் வரலாற்றில் அதுதான் மிகச் சீக்கிரமான பதில். சுகந்தி தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள்.

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் பயன்படுத்திய டேப் முத்திரையிடப்பட்ட கருவி அன்று. முத்திரையிடப்பட்ட ஒரே கருவியாகிய ஊர்தியின்படி மேற்படி மேடு தேறியதாகும். எனினும் சென்ற ஞாயிறன்று மேற்படி கருவியில் தர எடைக்கு மேலாக ஒரு தாய், ஒரு கைக்குழந்தை, மூட்டைகள் மூன்று, மெஷின் ஒன்று ஆகிய அங்கீகரிக்கப்படாத எடைகள் ஏற்றப்பட்டமையால் கருவி தவறான அளவு காட்டியதெனச் சாட்சிகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது. இதற்குத் தங்கள் விளக்கம் பதினைந்து தினங்களில் வேண்டப்படுகிறது.'

கீழே சாட்சிகள். இசக்கியின் கையெழுத்து. அதற்குக் கீழே நரிமுக்கு முழுவதும். எல்லாவற்றுக்கும் மேலே, வெறும் தாளில் என்றோ ஒரு சனிக்கிழமை போட்ட, நெய் படிந்து சற்றே மினுங்கும் ஒரு கையெழுத்து.

சுகந்தி தாளை வெளிச்சத்தில் பிடித்து அந்த நெய்க்கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தினகரன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"ஏனுங்க," என்றாள் நிதானமாக. "வர்க்கி மொறுமொறுன்னு இருந்துச்சுங்களா?"